நிலுவையில் கிடந்த அரை நூற்றாண்டு

குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவருக்கு நேரக்கூடியவை இரண்டு என்றே நாம் எண்ணுகிறோம்: ஒன்று கிடைக்கும், அல்லது மறுக்கப்படும். வரலாற்று நூல்களும் எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது என்றே கணக்கெழுதுகின்றன. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு முடிவு தெரியாமல் ஓர் அரசின் நிலத்தில் அயலாராக வாழ்ந்து தீர்த்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. இலங்கையின் மலையகத் தமிழர் வரலாற்றை ஊன்றிப் படித்தால் இந்தக் கணக்கு எவ்வளவு குறைபட்டது என்பது விளங்கும். 1949 முதல் 2003 வரை அம்மக்களின் வாழ்வில் மிகப் பெரிய கேட்டைச் செய்தது மறுப்பாணைகளைவிடத் தாமதமே என்பது என் வாதம். விண்ணப்பிக்க மக்களுக்குக் கெடு இருந்தது. முடிவு சொல்ல அரசுக்குக் கெடு இருக்கவில்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைத்தன.

முதலில் இவர்கள் யார், எப்போது வந்தவர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பின்னால் வந்த சட்டங்கள் எல்லாம் இந்தக் கேள்விக்குத் தரப்பட்ட ஒரு தவறான விடையின்மேல் எழுந்தவை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள்கட்டி அழைத்துப் போனார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மன்னார் வழியே காட்டுப் பாதையில் நடந்துபோய், பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வந்து போகிறவர்கள் என்ற பெயர் அன்றைய நிலைக்குப் பொருந்தியது. 1869-க்குப் பின் காப்பி இலைநோயால் அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். குடும்பம் குடும்பமாக, லயம் எனப்பட்ட வரிசை வீடுகளின் அறைகளில் ஆட்கள் குடியேற்றப்பட்டதற்குத் தேயிலையின் இந்த இயல்பே காரணம். பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே பெயர்பதிந்து வேலைக்குப் போனார்கள். 1939-ல் இந்திய அரசு இலங்கைக்கு உடலுழைப்புத் தொழிலாளர் புறப்படுவதைத் தடைசெய்தது. அதோடு புதிதாக ஆள்கட்டிப் போவது சட்டப்படி நின்றது. ஆகவே இலங்கை விடுதலை பெற்ற 1948-ல் தோட்டங்களில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள், அல்லது குறைந்தது ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள். காப்பிக் காலத்து மனிதனைப் பற்றிய நினைப்பை வைத்துக்கொண்டு தேயிலைக் காலத்து மனிதனுக்குச் சட்டம் எழுதப்பட்டது.

1948-ன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்ததை மட்டும் போதுமான தகுதியாக ஏற்கவில்லை. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்த ஒரு தொழிலாளியின் பிறப்புக்கே பதிவு இருப்பது அரிதாக இருந்த காலம் அது. தகப்பன் பிறப்புக்கு அவர் எங்கே போவார்? அடுத்த ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், பதிவின் மூலம் குடியுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது. 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. 1947 தேர்தலில் இம்மக்களின் அரசியல் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் போயிருந்தார்கள். 1952 தேர்தலில் அந்த வாக்காளர்கள் பட்டியலிலேயே இல்லை. இவ்விரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்படும்வரை வாக்கு இல்லை என்றால், விண்ணப்பத்தைத் தீர்ப்பது எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு காலம் வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவர்கள் தாமதத்தைத் தட்டிக்கேட்கவும் வழியில்லை. தாமதம் தன்னைத் தானே பாதுகாத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

வதிவாளர் சட்டம் கேட்ட சான்றுகளைப் பார்த்தால், வெளிநாட்டில் கழித்த நாட்கள் எப்படி ஒருவருக்கு எதிராகத் திரும்பின என்பது தெரியும். 1946 ஜனவரி 1-க்கு முன் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் மணமானவர் 7 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும். அதன்பின் விண்ணப்பம் கொடுக்கும் நாள்வரை அந்த வசிப்பு அறுபடக் கூடாது. ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் வசிப்பு அறுந்ததாகக் கொள்ளப்படும். மூலச் சட்டத்தின்படி மனைவி மணமான ஓராண்டுக்குள்ளும், சிறு பிள்ளைகள் பிறந்த ஓராண்டுக்குள்ளும் இலங்கையில் வசிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். நியாயமான, நிலையான வருமானம் இருப்பதையும் காட்ட வேண்டும். இந்த நிபந்தனைகளை ஒரு தோட்டத் தொழிலாளியின் வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். ஊரில் தகப்பன் சாகக் கிடந்தால் மகன் போவான். பங்கு நிலத்தைப் பிரிக்க இருந்தால் சில மாதம் தங்குவான். தலைப்பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்புவான். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டபோது குடும்பங்களை இந்தியாவுக்கு அனுப்பியவர்களும் உண்டு. கொழும்பில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தவரோ காலியைச் சேர்ந்தவரோ சொந்த ஊருக்குப் போய் ஓராண்டு தங்கினால் அது யாருடைய கேள்விக்கும் உரியதன்று. தோட்டத் தொழிலாளியின் ஊர் கடலுக்கு அப்பால் இருந்ததால், மகனாகவும் கணவனாகவும் அவன் செய்த கடமைகள் அவன் நாட்டுப்பற்றுக்கு எதிரான சாட்சியாயின.

விண்ணப்பம் கொடுத்தபின்னாவது நிலைமை இலகுவானதா? ஆகவில்லை. குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், குடியுரிமை இல்லாதவர் தலைமன்னாரில் கப்பலேறிப் போனால் திரும்பி வர ஆவணமும் அனுமதியும் வேண்டும். எந்த நாட்டின் கடவுச்சீட்டைக் கேட்பது? இந்தியக் கடவுச்சீட்டு கேட்டால், இலங்கையில் நிலையாகத் தங்கும் எண்ணம் இவருக்கு இல்லை என்ற முடிவுக்கு அதுவே இடம் கொடுக்கும். ஊருக்குப் பணம் அனுப்பினாலும் அதே சந்தேகம். பிறகு, கச்சேரி எனப்பட்ட மாவட்ட அரசு அலுவலகத்தில் நடந்த விசாரணை. பிறப்புச் சான்று இல்லாதவர்கள் தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் இருந்த பேரைக் காட்ட வேண்டியிருந்தது. தோட்டம் மாறியபோது பெயரின் எழுத்துக்கூட்டு மாறியிருக்கும். தகப்பன் பெயர் ஒரு பதிவில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திடம், மற்றவர்கள் எழுதிவைத்த ஏடுகளின் பிழைக்கு விளக்கம் கேட்கப்பட்டது. இந்தக் காலம் முழுவதும் அவர்கள் இலங்கையின் தேயிலையைப் பறித்துக்கொண்டிருந்தார்கள்; நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு அந்தக் கொழுந்துக் கூடைகளிலிருந்தே வந்தது.

இப்போது கால அளவுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். விண்ணப்பிக்க மக்களுக்குத் தரப்பட்டது இரண்டு ஆண்டு. 1951 ஆகஸ்ட் 5-ஓடு கதவு மூடப்பட்டது. அதற்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள், சுமார் 8,25,000 பேருக்காகக் கொடுக்கப்பட்டன. 1946 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7,80,000 என்பதை நினைத்தால், ஏறக்குறைய முழுச் சமூகமும் எங்களுக்கு இந்த நாடே வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுத்துவிட்டது என்றே பொருள். 1954 ஜனவரியில் இந்தியப் பிரதமர் நேருவும் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையும் டெல்லியில் செய்துகொண்ட உடன்பாட்டில், நிலுவையிலுள்ள விண்ணப்பங்களை இரண்டு ஆண்டுகளில் தீர்க்க எல்லா முயற்சியும் எடுக்கப்படும் என்று எழுதப்பட்டது. இரண்டு ஆண்டில் தீரவில்லை. 1960-களின் தொடக்கம்வரை இழுத்து, கடைசியில் பதிவு பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர், அதாவது கேட்டவர்களில் ஆறில் ஒருவர். மக்கள் தம் கெடுவைக் காப்பாற்றினார்கள். கெடு தவறியதற்காக அரசு எந்த விலையும் தரவில்லை. இதற்கிடையே 1952, 1956, 1960 தேர்தல்கள் நடந்து முடிந்தன. தொகுதிகளைப் பிரிக்கும்போது மட்டும் இந்த மக்களின் தலைகள் எண்ணப்பட்டன. மலைநாட்டுக்கு அதனால் கூடுதல் இடங்கள் கிடைத்தன. அந்த இடங்களுக்கு யார் போவது என்று சொல்ல அவர்களுக்கு வாக்கில்லை. இந்த ஏற்பாட்டைப் பற்றி இலங்கையின் அரசியல் நூல்கள் ஒரு பத்தியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன என்பது எனக்கு வேதனை தருகிறது.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். யாரைக் குடிமகனாக ஏற்பது என்று முடிவுசெய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. புதிதாக விடுதலை பெற்ற ஒரு சிறு நாடு, கோடிக்கணக்கான மக்கள் வாழும் அண்டை நாட்டைப் பார்த்து அஞ்சியதில் வியப்பில்லை. தோட்டங்களுக்காக 1840-ன் முடிக்குரிய நிலச் சட்டத்தால் நிலம் இழந்த கண்டிச் சிங்கள உழவர்களின் குறை உண்மையானது. இவை மூன்றையும் ஏற்கிறேன். நிலத்தைப் பறித்தவர்கள் வெள்ளையர்கள் என்பதும், லயத்தில் இருந்தவருக்கு அந்த நிலத்தில் ஒரு முழம்கூடச் சொந்தமில்லை என்பதும் அந்த உழவரின் இழப்பைக் குறைத்துவிடாது. ஆனால் நிபந்தனை விதிக்கும் உரிமையிலிருந்து முடிவு சொல்லாமல் இருக்கும் உரிமை பிறப்பதில்லை. வேண்டாம் என்று நினைத்த அரசு அதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் உலகம் பார்த்திருக்கும், இந்தியாவுடன் அன்றே முடிவு கண்டிருக்க வேண்டியிருக்கும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில் எல்லாக் கேள்விகளையும் அடக்கியது. நீதிமன்றத்திலும் இதுவே நடந்தது. வாக்குரிமைப் பறிப்பு, இலங்கையின் அன்றைய சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினரைக் காத்த 29-ஆம் பிரிவுக்கு முரணானது என்று தொடுக்கப்பட்ட வழக்கு, மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1953-ல் அந்த மன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. தமிழ்த் தொழிலாளரின் வந்து போகும் வழக்கத்தை அது ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. குடியுரிமை பெறப் பதிவு வழி திறந்திருக்கிறது என்பதையும் கணக்கில் கொண்டது. ஆக, திறந்திருப்பதாகச் சொல்லப்பட்ட வழியே பறிப்புக்கு நியாயமானது. அந்த வழியில் ஆறில் ஒருவர்தான் கடந்து போவார் என்பது தீர்ப்பு எழுதப்பட்டபோது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு மறுப்பு, தலைவர்கள்மேல் பழி போடுவது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொன்னது, அதனால் காலம் வீணானது என்பார்கள். வீணானது உண்மைதான், நிபந்தனைகள் எவ்வளவு கொடியவையாக இருந்தாலும் அந்தப் புறக்கணிப்பு தவறான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் அது தாமதத்துக்கு விளக்கமாகாது. புறக்கணிப்பைக் கைவிட்டபின் விண்ணப்பங்கள் கெடுவுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. அதற்குப் பிந்திய பத்து ஆண்டுகளுக்கும் மேலான காலம் அலுவலகத்தின் கணக்கில்தான் சேரும். குடியுரிமைக்காகவும் வாக்குரிமைக்காகவும் 1952-ல் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகமும் இருந்தார்கள்.

1964 அக்டோபர் 30-ல் டெல்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்தத் தேக்கத்தை உடைத்தது என்று புகழப்பட்டது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கொண்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் 15 ஆண்டுகளில் ஏற்பது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வது. 1974-ல் அவர்களையும் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. சம்பந்தப்பட்ட மக்களிடமோ அவர்களுடைய தொழிற்சங்கங்களிடமோ ஒப்புதல் பெறவில்லை. அதைவிடவும் கூர்ந்து பார்க்க வேண்டியது 7-க்கு 4 என்ற விகிதம். இந்தியா 7 பேரை எடுத்தால் இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை தரும். 1967-ல் இலங்கைப் பிரதமர் டட்லியின் அரசு கொண்டுவந்த நடைமுறைச் சட்டத்தில், இந்தியா குடியுரிமை வழங்கினாலே போதும், இலங்கை தன் பங்கைத் தரலாம் என்று இருந்தது. 1971-ல் சிறிமாவோ அரசு அதை மாற்றியது: 7 பேர் கப்பலேறிப் போன பிறகே 4 பேருக்கு. அதாவது, ஹட்டனில் இலங்கைக் குடியுரிமைக்குக் காத்திருந்தவரின் கோப்பு, அவர் முகமறியாத ஒருவர் பதுளையிலிருந்து மூட்டை கட்டினால்தான் நகரும். அவருடைய தகுதி, அவர் தந்த சான்று, அவர் வசித்த ஆண்டுகள் எதுவும் கணக்கில்லை. அண்டை லயத்தார் போகமாட்டாரா என்று எதிர்பார்க்கும் நிலைக்கு ஒரு சமூகத்தைத் தள்ளியது இந்த விகிதம். மக்களின் விருப்பமோ வேறாக இருந்தது. விண்ணப்பங்கள் கேட்கப்பட்டபோது இந்தியாவைத் தேர்ந்தவர்களைவிட இலங்கையைத் தேர்ந்தவர்களே மிகுதி. 1964, 1974 ஏற்பாடுகள் சேர்ந்து 6,00,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியிருக்க, காலம் முடியும்வரை இந்தியக் குடியுரிமைக்கு மனுச்செய்தவர்கள் 5,06,000 பேர்தான்.

இந்தியாவின் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவர்கள் தாமாகவே இந்தியர் ஆகிவிட மாட்டார்கள் என்ற நேருவின் நிலைப்பாடு கொள்கையளவில் சரி. இலங்கையில் பிறந்து வாழ்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பே. ஆனால் 1964-ல் அதே நாடு அந்தக் கொள்கையை விட்டுக்கொடுத்து எண்ணிக்கைப் பேரத்துக்கு ஒப்பியது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியவர்களும் உடனே போய்விடவில்லை. ஒப்பந்தப்படி, வேலையில் இருந்தவர் 55 வயதுவரையோ புறப்படும் நாள்வரையோ வேலையில் தொடரலாம். சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வர வேண்டும்; கொண்டுபோகக்கூடிய உடைமைக்கான வரம்பைக் குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்குவதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். இப்படி ஒரு நாட்டின் குடிமக்களாகவும் மற்றொரு நாட்டின் தொழிலாளர்களாகவும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் லயங்களிலேயே இருந்தார்கள். தமிழ்நாட்டில், போய்ச் சேர்ந்தவர்களுக்காக நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1969-ல் தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி உருவானது. போய்ச் சேர்ந்தவர்களின் துயரம் தனியே எழுத வேண்டிய வரலாறு. போக முடியாதவர்களின் கதி இங்கே முக்கியம். 1984-ல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் நின்றது. கையில் இந்தியக் கடவுச்சீட்டுடன் மலையகத்தில் தங்கிவிட்டவர்கள், இலங்கைச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் அந்த நிலையையே பெற்றார்கள்.

இத்தனை ஆண்டுத் தாமதமும் தவிர்க்க முடியாததா, சான்றுகளைச் சரிபார்க்க அவ்வளவு காலம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் இலங்கையின் பின்னாளைய சட்டங்களிலேயே இருக்கிறது. 1986-ல், இந்தியாவுக்கு மனுச்செய்யாமல் விடுபட்ட 94,000 பேரையும் சேர்த்து 4,69,000 பேருக்குக் குடியுரிமை தர இலங்கை ஒப்புக்கொண்டது. 1988-ன் 39-ஆம் இலக்கச் சட்டம், இந்தியக் குடியுரிமை பெறாத, அதற்கு மனுச்செய்யாத, சட்டப்படி இலங்கையில் வசித்த இந்திய வம்சாவளியினரைக் குடிமக்கள் என்றே கொண்டது. ஒருவர் தம் நிலையைச் சொல்லி ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் போதும். 2003-ன் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை தந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் ஓர் உறுதிமொழி எழுதிக்கொடுத்து அதில் சேர முடிந்தது. அந்த ஆண்டு ஐ.நா. அகதிகள் ஆணையமும் தொழிற்சங்கங்களும் துணைநிற்க நடந்த முகாம்களில், பத்தே நாட்களில் 1,90,000-க்கும் மேற்பட்டோர் குடியுரிமை பெற்றார்கள். அவர்களின் பாட்டன்மார் செக்ரோல் பிழைகளுக்காகக் கச்சேரிக்கு அலைந்ததை இதோடு ஒப்பிடுங்கள். பத்து நாளில் முடிந்த காரியத்துக்கு ஐம்பது ஆண்டு எடுத்தது ஆவணக் குறையால் அல்ல. ஆவணங்கள் 2003-ல் முன்னைவிடக் கூடிவிடவில்லை. மாறியது ஒன்றுதான்: நிரூபிக்கும் பாரத்தை மக்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. 1977-க்குப் பின் வாக்குகள் மெல்ல மெல்லக் கூடி, மலையகத்தின் ஆதரவு கொழும்புக்குத் தேவைப்பட்டதும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதுவும் என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. வாக்கு கிடைத்தவர்களின் கோப்பு நகர்ந்தது.

இந்த வரலாறு முடிந்துவிட்டதா என்றால், கடலின் இந்தக் கரையில் முடியவில்லை. 1983-ல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் தமிழ்நாட்டுக்கு அகதிகளாக வந்தவர்களில் மலையகத் தமிழரும் பல்லாயிரம் பேர் உண்டு. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு உரியவர்களாகக் கொள்ளப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். மண்டபத்திலும் திருச்சி கொட்டப்பட்டிலும் முகாம்களில் வாழ்ந்துகொண்டு அவர்கள் இந்தியக் குடியுரிமை கேட்கிறார்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன். அதற்குப் பிந்திப் பிறந்த தம்பி தங்கைகள் அப்படி இல்லை. உரிய ஆவணமின்றி வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று கொள்ளும் சட்டம் அவர்கள் மனுவைத் தடுக்கிறது. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகைய 65 பேரின் வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 1949-ல் இலங்கைச் சட்டம் எழுதாமல் விட்ட கெடுவைத்தான் அந்த நீதிபதி எழுதினார். 2019 டிசம்பரில் இந்தியாவில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்தவர்களைச் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. முகாமில் இருக்கும் மலையகத் தமிழரின் விண்ணப்பங்களுக்கு ஒரு காலக்கெடு வைத்து, அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளும்படி சட்டம் இயற்ற வேண்டும். நாடாளுமன்றத்தில் தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பாராமல் இதைக் கேட்க வேண்டும்.